பதினொரு பைட் கேள்வி

2003இல் லைவ்ஜர்னல் தளத்தின் சுமையைக் குறைக்க பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய மெம்கேஷ்டு என்ற கேஷ் சர்வருக்கு முகம் என்று எதுவும் இல்லை. டெல்நெட் வழியே 11211ஆம் போர்ட்டில் இணைந்தால் வெறும் கருந்திரை. வரவேற்பு வரிகூட வராது. 'கெட்' என்று அடித்து, இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துப் பெயர் ஒன்றைக் கொடுத்தால் வரி முடிவையும் சேர்த்து மொத்தக் கேள்வியே 11 பைட்தான். தேடியது இல்லையென்றால் 'எண்ட்' என்ற ஒற்றைச் சொல் வரும்.

சேமிக்கத்தான் கணக்கு வேண்டும். எத்தனை பைட் வரப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். 'அம்மா' என்று சேமிக்க முதலில் 3 என்று கொடுத்தேன், பிழை. 5 என்றேன், மறுபடியும் பிழை. கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். யூடிஎஃப்-8இல் குறிக்கு மூன்று பைட். 15 என்று அடித்ததும் 'ஸ்டோர்டு' என்றது. தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படிக் கிடக்கிறது என்பதை அன்றுதான் கையால் தொட்டு அறிந்தேன்.

இன்று இந்த சர்வரைக் கவனிக்க பிரவுசரில் ஒரு டாஷ்போர்டு இருக்கிறது. அன்று 'ஸ்டாட்ஸ்' அடித்து, கிடைத்தவை எத்தனை, தவறியவை எத்தனை என்ற இரண்டு எண்களை எடுத்து நாமே வகுத்துப் பார்ப்போம். இன்று அது பச்சைக் கோடாக ஏறி இறங்குகிறது. கட்டளை தெரியாதவரும் இரவுப் பணியில் பார்த்துப் புரிந்துகொள்கிறார். கடவுச்சொல் உண்டு, யார் எதை அழித்தார் என்ற பதிவும் உண்டு. இது சின்ன லாபம் அல்ல. காவலின்றித் திறந்து கிடந்த மெம்கேஷ்டு சர்வர்களை வைத்துத்தான் 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் மீது நொடிக்கு 1.35 டெராபிட் வெள்ளத்தைத் திருப்பிவிட்டார்கள். அந்த வெள்ளத்துக்கு வாசலாக இருந்த யூடிபி வழி அந்த நாட்களில்தான் இயல்பாகவே மூடி வைக்கப்பட்டது.

ஆனால் பிரவுசர் ஒரு கேள்வி கேட்டால் அதன் ஹெடர் வரிகளே சில நூறு பைட் ஆகிவிடுகின்றன. மனிதர் பார்ப்பதற்கு அந்தச் செலவு தகும். நொடிக்குப் பல்லாயிரம் முறை கேட்கும் நிரல்களுக்குத் தகாது; அவை இன்றும் பழைய சிறு வரிகளில்தான் பேசுகின்றன. வேகத்துக்காக இடையில் கொண்டுவந்த பைனரி நெறிமுறையைக்கூட மெம்கேஷ்டு வழக்கொழிந்ததாக அறிவித்துவிட்டு எழுத்து வரிக்கே திரும்பியிருக்கிறது. புதிய கட்டளை 'எம்ஜி', இரண்டே எழுத்து. தேடியது இல்லையென்றால் 'எண்ட்' என்பதும் சுருங்கி 'ஈஎன்' என்று மட்டும் வருகிறது.