விலை ஏறவில்லை, எடை இறங்கிவிட்டது!

"ஏண்ணே, போன மாசம் வாங்கின பாத்திர சோப்பு இருபது நாள் வந்துச்சு. இப்ப பதினஞ்சு நாள்கூட வரலையே, டூப்ளிகேட் சரக்கா?"

பெண்ணாடம் கடைவீதியில் இந்தக் கேள்வியைக் கேட்காத மளிகைக் கடைக்காரர் இருக்க முடியாது. விலையைப் பார்த்தால் அதே 10 ரூபாய்தான். உறையின் நிறமும் படமும் மாறவில்லை. மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் எடை மட்டும் மாறியிருக்கிறது. மாற்றியது கம்பெனி. ஆனால் கேள்வி கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மிடம்தான் வருகிறது. பெட்டி பிரிக்காமல் வந்த சரக்கு என்று சொன்னாலும் தாய்மார்கள் முழுமனதாக நம்புவதில்லை. இந்த மறைமுக விலையேற்றத்தின் கணக்கை நாம் தெரிந்து வைத்திருந்தால்தான் நம் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள முடியும்.

2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பத்திரிகைகளில் வந்த இரண்டு உதாரணங்களை எடுத்துக்கொள்வோம். 10 ரூபாய் விம் சோப்பு 155 கிராமிலிருந்து 135 கிராமாகக் குறைந்தது. ஹல்திராம் ஆலு புஜியா 10 ரூபாய் பாக்கெட் 55 கிராமிலிருந்து 42 கிராமாகக் குறைந்தது. சோப்பில் எடை 13 சதவிகிதம் குறைந்தது என்றால் விலையும் 13 சதவிகிதம் ஏறியதாகத்தானே பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கிலோ கணக்கில் போட்டுப் பாருங்கள். கிலோ சுமார் 64 ரூபாய் 50 காசாக இருந்த சோப்பு 74 ரூபாயாகிவிட்டது. ஏற்றம் 15 சதவிகிதத்தை ஒட்டி வருகிறது. புஜியாவில் எடைக்குறைவு 24 சதவிகிதம், விலையேற்றமோ 31 சதவிகிதம். கிலோ 182 ரூபாய்க்கு விழுந்த பண்டம் 238 ரூபாய். எடை குறையக் குறைய இந்த இரண்டு சதவிகிதங்களுக்கும் உள்ள இடைவெளி அகன்றுகொண்டே போகும். 100 கிராம் 80 ஆனால் எடையில் 20 போயிற்று, விலையில் 25 ஏறிற்று.

அந்த ஆண்டு ஏன் இப்படி என்றால், கச்சாப்பொருள் விலை கண்டபடி ஏறியிருந்தது. உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைப்பட்டது. 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது. சோப்பு, பிஸ்கட், மிக்சர் எல்லாவற்றுக்கும் பாமாயில்தான் அடிப்படை. கம்பெனிக்குச் செலவு கூடியது உண்மை. அதை விலையில் ஏற்றாமல் எடையில் ஏற்றியதற்குக் காரணம் சில்லறை. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30ஆம் தேதியுடன் செல்லாமல் போயின. 5 ரூபாய் பிஸ்கட்டை 5 ரூபாய் 60 காசு என்று போட்டால் யார் வாங்குவது, யார் மீதி கொடுப்பது? கரும்பு வெட்டப் போய்விட்டு மாலையில் கடைக்கு வருபவர்களின் கையில் இருப்பது ஐந்தும் பத்தும்தான். அந்த ஐந்தையும் பத்தையும் விட்டுவிடக் கூடாது என்றுதான் கம்பெனிகள் எடையில் கை வைக்கின்றன.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? 1977ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளுக்குப் பதிலாக 2011ல் புதிய சட்டமுறை எடையளவு விதிகள் வந்தன. அவற்றில் பிஸ்கட், டீத்தூள், சோப்பு, சமையல் எண்ணெய், உப்பு உட்பட 19 வகைச் சரக்குகளை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே அடைக்கலாம் என்ற அட்டவணை இருந்தது. 2021 நவம்பரில் அறிவித்த திருத்தம் அந்த அட்டவணையை நீக்கிவிட்டது. 2022லிருந்து எந்த அளவிலும் அடைக்கலாம். அதற்கு ஈடாகத்தான் கிராமுக்கு இத்தனை என்ற அலகு விலையை உறையில் அச்சிட வேண்டும் என்று வைத்தார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு விலை போட வேண்டும், அதையும் இரண்டு தசம இடத்துக்கு முழுமைப்படுத்தலாம். 10 ரூபாய்ப் பொருள் 153 கிராம் இருந்தாலும் கிராம் விலை 7 காசு, 134 கிராமாக இறங்கினாலும் அதே 7 காசுதான். இடையில் 19 கிராம் காணாமல் போனதை அந்த எண் சொல்லவே சொல்லாது. சிறு பாக்கெட்டுகளுக்கு அலகு விலையை நம்பிப் பயனில்லை. கால்குலேட்டரை எடுத்து விலையை எடையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கி, கிலோ விலையாகப் பார்ப்பதே வழி.

எண்ணெயில் நடந்தது இன்னும் சாமர்த்தியமானது. நம் வியாபாரத்தில் லிட்டருக்கு 910 கிராம் என்று கணக்கு வைப்பது வழக்கம். எண்ணெய் சூடேறினால் விரியும், அதே ஒரு லிட்டரில் எடை குறையும். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் சுமார் 919 கிராம், 60 டிகிரியில் சுமார் 893 கிராம். 60 டிகிரியில் ஒரு லிட்டர் என்று உறையில் அச்சிட்டுவிட்டால் 26 கிராம் மிச்சம்! நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில்கூட 60 டிகிரி வருவதில்லை. மத்திய நுகர்வோர் துறை 2022 ஆகஸ்டில் தலையிட்டு, 2023 ஜனவரி 15க்குள் வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் எடையையும் அச்சிடச் சொன்னது. இப்போது கவனிக்க வேண்டியது, லிட்டர் பாக்கெட் போலவே தோன்றும் குறைந்த எடைப் பாக்கெட்டுகளை. வாடிக்கையாளர் லிட்டர் என்று கேட்கும்போது எதை எடுத்துக் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

எடை குறையாமல் தரம் குறைவதும் உண்டு. குளியல் சோப்பில் கொழுப்புப் பொருளின் அளவு முதல் தரத்துக்கு 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 சதவிகிதம் இருக்க வேண்டும் என்பது இந்திய தர நிர்ணயம். 'டாய்லெட் சோப்' என்று போடாமல் 'பேதிங் பார்' என்று போட்டுவிட்டால் 40 போதும். 'ஐஸ்கிரீம்' என்றால் பால் கொழுப்பு, 'ஃப்ரோசன் டெசர்ட்' என்றால் பெரும்பாலும் தாவர எண்ணெய். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து ஒரே பெயர் சொல்லி விற்கிறோம். அது நம் தவறு.

மனத்தாங்கலான விஷயம் ஒன்று. நம் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். சில்லறைத் துவரம்பருப்பில் பத்து கிராம் குறைந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வழக்குப் போடலாம். போடட்டும், நியாயம்தான். கம்பெனியோ அச்சிட்ட எடை உள்ளே இருந்தால் இருபது கிராம் குறைத்தாலும் குற்றவாளி அல்ல. குறைத்ததை உறையின் முகப்பில் அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் நம் விதிகளில் இல்லை. பிரேசில் நாட்டில் இருக்கிறது. அங்கே 2021ல் வந்த விதிப்படி பழைய அளவு, புதிய அளவு இரண்டையும் ஆறு மாதம் உறையிலேயே போட வேண்டும். பிரான்சில் 2024 ஜூலை 1 முதல் அந்த அறிவிப்பை இரண்டு மாதம் வைக்கும் வேலையை 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளின் தலையில் கட்டிவிட்டார்கள். நம் நாட்டில் சட்டம் வருமானால் பிரேசில் முறையில் வரவேண்டும் என்று வணிகர் சங்கங்கள் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

எதிர்த்திசையிலும் கணக்கு பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், குளியல் சோப்பு, ஷாம்பு மீதான ஜி.எஸ்.டி. 18லிருந்து 5 சதவிகிதமானது. 5 ரூபாய் பிஸ்கட் கணக்குப்படி 4 ரூபாய் 45 காசு ஆக வேண்டும். சில்லறைக்கு வழியில்லாததால் பல கம்பெனிகள் விலையை வைத்துக்கொண்டு எடையைக் கூட்டின. அப்படிக் கூட்டினால் 50 கிராம் பாக்கெட் 56 கிராமாவது வரவேண்டும். வந்ததா என்று உறையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏஜென்ட் பில்லில் பெரும்பாலும் பெயரும் விலையும்தான் இருக்கும். லைன் வண்டிச் சரக்கு இறங்கும்போதே பாக்கெட்டில் உள்ள கிராமைப் பார்த்து பில்லின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்திருந்தால் பழைய சரக்கோடு கலக்காமல் தனி அடுக்கில் வைத்து, "இது பழசு 155, இது புதுசு 135, விலை ஒன்றுதான்" என்று வருகிறவரிடம் நாமே சொல்லிவிடலாம். பழசு இரண்டு நாளில் தீர்ந்துவிடும். டூப்ளிகேட்டா என்ற கேள்வியும் அதோடு தீரும்.