பரிசோதனை உண்டு, துணைக்குத்தான் ஆளில்லை

அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கும் வயது 2021-ல் 50-லிருந்து 45 ஆகக் குறைக்கப்பட்டது. ஐம்பதைத் தொடாதவர்களிடமும் இந்நோய் பெருகிவருவதே காரணம். ‘பிளாக் பாந்தர்’ நடிகர் சாட்விக் போஸ்மேன் 2020-ல் இந்நோயால் இறந்தபோது அவருக்கு வயது 43. ஆனாலும், எளிய மக்கள் நாடும் சமூக சுகாதார மையங்களில், பரிசோதிக்க வேண்டியவர்களில் சுமார் 40 சதவீதம் பேரே பரிசோதனை செய்துகொள்கிறார்கள்.

யார் இவர்கள்?

1965-ல் பாஸ்டனில் தொடங்கிய சமூக சுகாதார மையத் திட்டம் இன்று ஆண்டுக்கு 3 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை தருகிறது. வருமானத்தைப் பொறுத்தே கட்டணம். 65 வயதானால் அரசின் மெடிகேர் காப்பீடு கிடைத்துவிடும். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள்தான் சிக்கல். பண்ணையிலும் உணவகத்திலும் வேலை செய்பவர்களில் பலருக்கு இன்சூரன்ஸ் இல்லை. லீவு போட்டால் சம்பளமும் இல்லை.

தடை எது?

பயமும் கூச்சமும் உண்டு. ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என்ற எண்ணமும் உண்டு. ஆனால் பெருங்குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி கேட்கும் ஏற்பாடுகளைப் பாருங்கள். முதல் நாள் முழுக்க நீராகாரம். இரவில் பேதி மருந்து. மறுநாள் மயக்க மருந்து தருவதால், வீட்டுக்குக் கூட்டிப்போகத் தெரிந்தவர் ஒருவர் வந்தாக வேண்டும். தனியாக டாக்சியில் போகப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. நோயாளியின் கூலியோடு, துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது.

மாற்று வழி உண்டா?

உண்டு. ‘ஃபிட்’ சோதனை, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்கும். வீட்டிலேயே சிறு குச்சியால் மலத்தைத் தொட்டு, குப்பியில் அடைத்துத் தபாலில் அனுப்பினால் போதும். பத்தியம் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். சான் பிரான்சிஸ்கோவின் பொது மருத்துவமனை நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2012-ல் வெளியானது. கொலோனோஸ்கோப்பி மட்டும் பரிந்துரைக்கப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர் அதைச் செய்துகொண்டார்கள். மலப் பரிசோதனை பரிந்துரைக்கப்பட்டவர்களில் 67 சதவீதம்.

அத்தோடு முடிந்ததா?

இல்லை. குப்பியில் ரத்தம் தெரிந்தால் கொலோனோஸ்கோப்பி செய்தே ஆக வேண்டும். பெரும்பாலான மையங்களில் அந்த வசதி இல்லை. வேறு மருத்துவமனைக்குத்தான் அனுப்புகிறார்கள். இந்த இரண்டாவது சோதனைக்கு இன்சூரன்ஸ் உள்ளவர்களிடம் பணம் கேட்கக் கூடாது என்ற விதியே 2022-ல்தான் வந்தது. இன்சூரன்ஸ் இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. நோய் இருப்பது தெரிந்தால் செலவுக்கு எங்கே போவது என்ற கவலை வேறு.

இந்த முடிச்சை அவிழ்த்தது டெலவேர் மாநிலம். இன்சூரன்ஸ் இல்லாதவர்களின் பரிசோதனைக்கும், புற்றுநோய் இருந்தால் இரண்டு ஆண்டுச் சிகிச்சைக்கும் மாநிலமே பணம் கட்டியது. தேதி குறிப்பது முதல் வண்டி ஏற்பாடு வரை நோயாளிக்கு வழிகாட்டச் செவிலியர்கள் அமர்த்தப்பட்டார்கள். 48 சதவீதமாக இருந்த கறுப்பின மக்களின் பரிசோதனை விகிதம், 2009-ல் 74 ஆகி வெள்ளையரை எட்டிப்பிடித்தது.

ஆனால் சுகாதார மையங்கள் மத்திய அரசுக்குத் தரும் ஆண்டுக் கணக்கில், ஃபிட் சோதனை முடிந்தாலே அந்த நோயாளி பரிசோதிக்கப்பட்டவர்தான். ரத்தம் தெரிந்தவருக்குக் கொலோனோஸ்கோப்பி நடந்ததா என்பதை அந்தக் கணக்கு கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.