விறகு அறைக்கு வந்த வாழ்வு!

காஸ் அடுப்பு வந்த பிறகு, நம்மில் பலர் வீட்டுக் கொல்லையில் விறகு அறை சும்மாதான் கிடக்கிறது. உடைந்த நாற்காலி, பழைய சாக்கு, எலி, தேள்... இவற்றுக்குத்தான் அது குடியிருப்பு! நாலு கோழி வளர்க்கும் சகோதரிகள், அந்த அறையைக் கோழிகளுக்குக் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

'கோழிக்கு எதுக்கு ரூமு? சாயந்திரமானா முருங்கை மரத்துல ஏறிக்கும். இல்லேன்னா பஞ்சாரத்தைப் போட்டு கவுத்துட்டாப் போச்சு' என்பதுதான் எங்கள் தெருவில் பேச்சு. என் மாமியார் கூட, 'ஏம்மா... கோழிக்கு பங்களா கட்டுறியா?' என்று கேலி செய்தார்.

2023ம் ஆண்டு கோடையில் எங்கள் தெருவில் வெள்ளைக்கழிச்சல் புகுந்தது. முதல் நாள் தலையைத் தொங்கப் போட்டு நின்ற கோழி, மறுநாள் இருக்காது. பக்கத்து வீட்டு அக்கா, கணவரை இழந்தவர். 14 கோழிகள் வைத்திருந்தார். ஜூன் மாதம் விற்று, மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டலாம் என்று வளர்த்தவை. ஒரே வாரத்தில் 11 கோழிகள் போய்விட்டன. 'கோழி செத்ததுக்கு அழலைம்மா... பொண்ணு பீசுக்கு யாரு வாசல்ல போய் நிக்கிறது?' என்று அவர் கேட்டபோது, எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் வீட்டு 13 கோழிகளும் தப்பின. மந்திரம், மாயம் எதுவுமில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் தடுப்பூசி போட்டிருந்தோம். அக்காவும் அதே முகாமுக்கு வந்தவர்தான். ஆனால், மரத்தில் தூங்கும் கோழிகளைப் பிடிக்க முடியாமல், கைக்குச் சிக்கிய மூன்றை மட்டும் கொண்டு வந்தார். பிழைத்ததும் அந்த மூன்றுதான்!

கோழிக்கு அறை வேண்டும் என்பது இதற்காகத்தான். கதவைச் சாத்திவிட்டால், விடியற்காலை திறக்கும் முன் எண்ணிப் பார்க்கலாம். பத்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் பிடித்துக் கூடையில் போடலாம். எந்தக் கோழி எச்சம் பச்சையாகவோ, வெள்ளையாகவோ போயிருக்கிறது என்றும் தெரிந்துவிடும்.

எங்கள் அறை 8 அடிக்கு 6 அடி. ஒரு கோழிக்கு 2 சதுர அடி என்று கணக்கு வைத்தால் 24 கோழிகள் அடங்கும். நான் 12 பெட்டை, ஒரு சேவலோடு நிறுத்திக் கொண்டேன். மீதி இடம் அடைக்கோழிக்கும், குஞ்சுகளுக்கும்.

முதலில் அறையை ஒழித்து, சுவர் இடுக்கெல்லாம் படும்படி சுண்ணாம்பு அடித்தோம். உண்ணி ஒளிவது அந்த இடுக்குகளில்தான். எதிரெதிர் சுவரில் காற்று வர ஜன்னல் வைத்து, அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை அடித்தோம். பெரிய கண் வலை என்றால் எலியும், பாம்பும் நுழையும். கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால், கீரிப்பிள்ளைக்கு அதுவே போதும். அங்கே ஒரு தகரத்தை அடித்து விடுங்கள்.

தரையில் மூன்று அங்குல உயரத்துக்கு உமி பரப்பி, வாரம் இருமுறை கிளறி விடுவேன். ஈரமான இடத்தை மட்டும் உடனே அள்ளி விட வேண்டும். ஈரம் தங்கினால் கண் எரிகிற நெடி வரும். குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சலும் வரும். உமி காய்ந்திருந்தால் நாற்றமில்லை, பக்கத்து வீட்டாரிடம் பேச்சு வாங்கவும் வேண்டாம். பழைய உமி மட்கியதும் வாழைக்கும், கத்தரிக்கும் நல்ல எரு.

இரண்டு அடி உயரத்தில் சவுக்குக் கம்பு ஒன்றைக் குறுக்கே கட்டி விட்டால், கோழிகள் அதில் வரிசையாக உட்கார்ந்து தூங்கும். முட்டையிட, இருட்டான மூலையில் வைக்கோல் போட்ட பழைய கூடைகள் மூன்று. கம்பி வலையும், கதவுக்குக் கீலும், ஒரு பூட்டும் மட்டும்தான் காசு கொடுத்து வாங்கினோம்.

தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை. குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே கண்ணிலோ, மூக்கிலோ சொட்டு மருந்து விட வேண்டும். 8 வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை இதற்காக இரண்டு வார முகாம் நடத்தி, இலவசமாகவே போடுகிறது. ஊசி போட்ட அன்றே பலன் வந்துவிடாது. எதிர்ப்பு சக்தி உண்டாக இரண்டு வாரமாவது ஆகும். தெருவில் நோய் வந்த பின் ஓடிப் பயனில்லை. வந்துவிட்டால் அதைக் குணமாக்க மருந்தும் கிடையாது.

சந்தையில் வாங்கி வரும் கோழியை இரண்டு வாரம் தனியாகக் கட்டி வைத்து, பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். செத்த கோழியைத் தெருவில் எறியாமல், ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். உங்களுக்கு மட்டுமல்ல, அடுத்த வீட்டுக்காரிக்கும் அது உபகாரம்.

அக்காவும் சும்மா இருக்கவில்லை. மாடு விற்ற பின் காலியாகக் கிடந்த கன்றுக்குட்டிக் கொட்டிலுக்கு வலை அடித்து, கதவு போட்டு விட்டார். பிழைத்த மூன்றில் இரண்டு பெட்டைகளை அடை வைத்தே மறுபடி பெருக்கினார். 21 நாளில் குஞ்சு பொரித்த அன்று, முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வந்தார்.

இப்போதெல்லாம் முகாமுக்கு எங்கள் தெருவில் ஆறு வீட்டுப் பெண்கள் கூடையோடு சேர்ந்தே போகிறோம். ஒரு குப்பி மருந்து 100 கோழிகளுக்கு வரும். கலக்கிவிட்டால் மறுநாளுக்கு வைக்க முடியாது. சேர்ந்து போனால் மருந்து வீணாகாது, டாக்டருக்கும் சந்தோஷம்.

முட்டைக் காசு, நம் கையில் நிற்கும் காசு. பிள்ளைக்கு நோட்டு வாங்க, ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக, யாரிடமும் கை நீட்ட வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு கதவும், ஒரு பூட்டும் போடுவது தப்பா? நீங்களே சொல்லுங்களேன்!

- ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்.