கந்தக அமிலம்: பயனும் பாதுகாப்பும்

தொழில் வளர்ச்சிக்கு இன்றியமையாத ரசாயனப் பொருள்களுள் கந்தக அமிலம் முதன்மையானது. பாறைப் பாஸ்பேட்டுடன் இதனை வினைபுரியச் செய்தே சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரிக்கப்படுகிறது. எஃகுத் தகடுகளின் துருவை நீக்கவும், சாயங்களை உண்டாக்கவும், மோட்டார் வண்டிகளின் சேமக்கலங்களை நிரப்பவும் இது பயன்படுகிறது.

இதன் ஆற்றலுக்கும் அபாயத்திற்கும் அடிப்படை ஒன்றே. அதுவே நீர் வேட்கை. அடர் அமிலத்தைச் சர்க்கரையில் ஊற்றினால், நீரின் கூறுகள் பிரிந்து கரி மட்டும் எஞ்சும். தோலில் படும்போதும் இவ்வாறே திசுக்கள் கருகுகின்றன. உடன் எழும் வெப்பம் புண்ணை ஆழமாக்குகிறது.

அமிலத்தை நீர்க்கச் செய்யும்போதே பெரும்பாலும் தவறு நேர்கிறது. அடர் அமிலம் நீரைவிட ஏறக்குறைய 1.84 மடங்கு கனமானது. அதன்மேல் நீரை ஊற்றினால், அந்நீர் மேற்பரப்பிலேயே கொதித்து அமிலத்தைத் தெறிக்கச் செய்யும். ஆகவே நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்க வேண்டுமேயன்றி, அமிலத்தில் நீரை ஊற்றலாகாது. கண்ணாடிக் கவசமும் ரப்பர் கையுறையும் அணிதல் அவசியம்.

நீர்த்த அமிலம் தீங்கற்றது என்று எண்ணுவதும் தவறு. துணியில் பட்ட துளி உலர உலர அடர்வுற்றுத் துணியை அரித்துவிடும். அடர் அமிலத்தை எஃகுத் தொட்டியில் சேமிக்க இயலும்; ஆனால் அதனுள் மழைநீர் கசிந்தால், நீர்த்த அமிலம் எஃகை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். அந்நிலையில் அருகில் பற்றவைப்பு வேலை நடந்தால், ஒரு தீப்பொறியே தொட்டியை வெடிக்கச் செய்யப் போதும்.

அமிலம் உடலில் பட்டால், நனைந்த உடையை உடனே களைந்து, குறைந்தது இருபது நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவுதல் வேண்டும். புண்ணின்மேல் காரப் பொருளைத் தடவலாகாது. விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யலாகாது. தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

அமில வீச்சுக் கொடுமையைத் தடுக்கும்பொருட்டு 2013-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அமில விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. கல்வி நிலையங்கள் பயன்பாட்டுப் பதிவேடு வைத்திருக்கவும், பாதுகாப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்கவும் அவ்வாணை பணித்தது. பூட்டிய அலமாரியும், தெளிவான பெயர்ச்சீட்டும், எட்டும் தூரத்தில் நீர்க் குழாயும் இருத்தல் ஒவ்வொரு சோதனைச்சாலைக்கும் முதற் கடமையாகும்.