உறையின் மடிப்புக்குள் ஓர் எண்

எங்கள் தோட்டத்தில் பாரம் நிரப்ப வேண்டுமென்றால் பாட்டிமார் பள்ளிக்கூடத்துக்குத்தான் வருவார்கள். "வாத்தியாரய்யா, எந்த நம்பரு எழுதுறது? பழைய ஐ.சி.யா, புதுசா?" என்று கேட்பார்கள். ஒருமுறை நானே ஒரு பாட்டிக்குப் பழைய எண்ணை எழுதிவிட்டேன். பாரம் திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினோம், உதவிப் பணம் ஒரு மாதம் பிந்திக் கிடைத்தது.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தபால் வாக்குக்கு நேர்ந்ததைப் படித்தபோது அந்தப் பாட்டிதான் நினைவுக்கு வந்தார்.

அங்கே தபாலில் வாக்களிக்க எல்லாருக்கும் உரிமையில்லை. 65 வயதானவர்கள், நோயாளிகள், உடல் ஊனமுற்றவர்கள், தேர்தல் சமயம் ஊரில் இல்லாதவர்கள் போன்றோருக்கே அந்த வசதி. 2021-இல் புதுச் சட்டம் ஒன்று வந்தது. வாக்குச் சீட்டு உறையின் மடிப்புக்குள் கார் லைசென்ஸ் எண்ணையோ, சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி 4 இலக்கங்களையோ எழுத வேண்டும். அது வாக்காளர் பதிவேட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். முப்பது நாற்பது வருடத்துக்கு முன் பெயர் பதிந்தவர், அன்று எந்த எண்ணைக் கொடுத்தோம் என்று எங்கே போய்த் தேடுவார்? மடிப்புக்குள் இருந்த அந்த இடத்தைக் கவனிக்காமலே ஒட்டி அனுப்பியவர்களும் உண்டு.

2022 மார்ச்சில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்தலில் 24,000-க்கும் அதிகமான தபால் வாக்குகள் தள்ளப்பட்டன. நூற்றுக்குப் பன்னிரண்டுக்கும் மேல்! 2020 பொதுத் தேர்தலில் இது நூற்றுக்கு ஒன்றளவே. 2022 நவம்பரில் குறைந்தது உண்மைதான். ஆனாலும் பழைய அளவுக்கு இறங்கவில்லை.

கள்ள ஓட்டைத் தடுக்கவே சட்டம் என்கிறார்கள். தடுக்கட்டும், யார் வேண்டாமென்றது? ஓரிகன் மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலையே தபால் வழியாக நடத்தினார்கள். அங்கே உறையில் உள்ள கையெழுத்தைப் பதிவேட்டுக் கையெழுத்தோடு ஒப்பிடுகிறார்கள். ஒத்துவராவிட்டால் வாக்காளருக்குச் சொல்லியனுப்பிச் சரிசெய்ய அவகாசம் தருகிறார்கள். டெக்சஸிலோ, கேட்காதவருக்கு விண்ணப்பப் பாரம் அனுப்பும் தேர்தல் அதிகாரியே குற்றவாளி என்று எழுதி வைத்தார்கள். பாரம் கொடுத்த கிராணியைப் பிடித்து உள்ளே போடுவது போல!

பிழை திருத்த அந்தச் சட்டத்திலும் வழி உண்டு என்பார்கள். உண்டு. கம்ப்யூட்டரில் திருத்தலாம், இல்லையேல் தேர்தல் முடிந்த ஆறாம் நாளுக்குள் அலுவலகத்துக்கு நேரில் போகலாம். நடக்க முடியாமல்தானே அந்த மூதாட்டி வாக்கைத் தபாலில் போட்டார்?