தொலைந்த பொருளும் அடுத்தவர் கைப்பேசியும்

சாவிக்கொத்து, பயணப்பெட்டி, பள்ளிப்பை ஆகியவற்றுள் சிறு வில்லை ஒன்றை இட்டுவைத்து, அவை தவறிப்போனால் கைப்பேசித் திரையில் இருப்பிடம் காணும் வழக்கம் நம் நகரங்களில் பரவி வருகிறது. 'டேக்' என்று கேட்டு வாங்கப்படும் இவ்வில்லை, செயற்கைக்கோளுடன் தொடர்புகொண்டு தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் கருவி என்று பலர் கருதுகின்றனர். உண்மை வேறு. பெரும்பாலான வில்லைகளுக்குத் தாம் எங்கே கிடக்கிறோம் என்பதே தெரியாது. அருகே கடந்து செல்லும் முன்பின் அறியாத ஒருவரின் கைப்பேசிதான் அதனைக் கண்டுகொண்டு உரியவருக்குத் தகவல் அனுப்புகிறது. தக்க கைப்பேசி அருகில் இல்லாத இடத்தில் வில்லை ஊமையாகிவிடுகிறது. நம் நாட்டின் பரப்பில் அத்தகைய இடங்கள் கொஞ்சமல்ல.

வில்லையின் வேலை

வில்லைக்குள் இருப்பவை நாணய வடிவ மின்கலம் ஒன்றும் மிகச் சிறிய வானொலிப் பரப்பியும்தான். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சில மில்லிவாட் ஆற்றலில், ஒரு குறியீட்டை அது விட்டுவிட்டுப் பரப்பிக்கொண்டேயிருக்கும். குறைந்த ஆற்றல் கருவிகள் உரிமமின்றி இவ்வலைவரிசையைப் பயன்படுத்த மத்திய அரசு 2005ஆம் ஆண்டில் விதி வகுத்தது. 2010இல் வெளிவந்த புளூடூத் 4.0 தரநிலையில் இடம்பெற்ற சிக்கன முறையால், ஒரு முறை குரல் கொடுத்துவிட்டு அடுத்த முறை வரை வில்லை உறங்குகிறது. ஒரே மின்கலம் ஏறத்தாழ ஓராண்டு உழைப்பதன் இரகசியம் இதுவே.

இக்குரல் எட்டும் தொலைவு வெட்டவெளியில் சில பத்து மீட்டர்கள். சுவர்கள் குறுக்கிட்டால் பத்து மீட்டரும் ஐயமே. அக்குரலைக் கேட்கும் கைப்பேசி, தன் சொந்த இருப்பிடத்தைக் கணித்து, அதனை மறைகுறியீடாக மாற்றி, இணையம் வழியே நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகிறது. மறைகுறியீட்டை அவிழ்க்கும் திறவுகோல் வில்லையின் உரிமையாளரிடம் மட்டுமே உண்டு. செய்தி சுமந்து சென்றவருக்கோ தாம் உதவியதே தெரியாது. வில்லை பரப்பும் குறியீடும் அவ்வப்போது மாறிக்கொண்டிருப்பதால், அதனைக் கொண்டு உரிமையாளரை வேறெவரும் பின்தொடர்வது கடினம். ஏற்பாடு நுட்பமானதுதான். ஆயினும் திரையில் தெரியும் புள்ளி வில்லையின் இருப்பிடமன்று. அதனைக் கடைசியாகக் கேட்ட கைப்பேசி அப்போது இருந்த இடம். புள்ளிக்கு அருகே காட்டப்படும் நேரத்தைக் கவனியாமல் ஓடுபவர் பழைய இடத்திற்கே ஓடுவார்.

வில்லை பயன்பட வேண்டுமாயின், கேட்கும் கைப்பேசியில் புளூடூத், இருப்பிட வசதி, இணையத் தொடர்பு ஆகிய மூன்றும் இயங்க வேண்டும். அக்கைப்பேசி அதே நிறுவனத்தின் வலையமைப்பைச் சேர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2021 ஏப்ரலில் ஏர்டேக்கை வெளியிட்டது. சாம்சங்கின் வில்லையும் அவ்வாண்டே வந்தது. கூகுள் தன் வலையமைப்பை 2024 ஏப்ரலில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கிப் பின்னர் பிற நாடுகளுக்கு விரித்தது. தொலைந்த பொருளைத் தேடுவதில் ஒன்றின் குரலை மற்றொன்று சுமப்பதில்லை. இந்தியாவில் இயங்கும் திறன்பேசிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை ஆண்ட்ராய்டு வகை. எனவே மும்பை விமான நிலையத்தில் நொடிக்கு நொடி புள்ளி காட்டும் ஆப்பிள் வில்லை, சத்தீஸ்கரின் ஒரு சிற்றூர்ச் சந்தையில் நாள் முழுதும் வாய்திறவாது கிடக்கலாம். ஜியோ நிறுவனம் 2024இல் ஆப்பிளுக்கென ஒன்றும் கூகுளுக்கென ஒன்றுமாக இரு வேறு வில்லைகளை விற்பனைக்குக் கொண்டுவர நேர்ந்ததும் இப்பிரிவினையால்தான்.

அவ்வாறெனில் ஆண்ட்ராய்டு வில்லை சிற்றூருக்கு ஏற்றதா? எண்ணிக்கை அதற்குச் சாதகமே. ஆனால் கூகுளின் வலையமைப்பில், ஒரு வில்லையைப் பல கைப்பேசிகள் கண்ட பிறகே அதன் இருப்பிடம் காட்டப்பட வேண்டும் என்பது இயல்பு அமைப்பாக உள்ளது. தனித்த வீட்டில் வாழ்வோரின் அந்தரங்கம் காக்கும் நோக்கம் போற்றத்தக்கதே. எனினும் ஆள் நடமாட்டம் குறைந்த வயற்காட்டிற்கு அதன் விலை அதிகம். ஒற்றைக் கைப்பேசி கண்டாலும் தகவல் தரும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளலாம். அதனை வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தம் கைப்பேசியில் மாற்ற வேண்டும், பொருளைத் தொலைத்தவர் மாற்றிப் பயனில்லை.

இரயிலிலும் மேய்ச்சல் நிலத்திலும்

நெடுந்தூர இரயிலின் படுக்கை வசதிப் பெட்டியில் எழுபது, எண்பது பேர் பயணம் செய்கின்றனர். அவர்தம் கைப்பேசிகளே வில்லைக்குச் செவிகள். ஆயினும் இருப்புப்பாதையின் பல பகுதிகளில் இணையத் தொடர்பு அறுந்துவிடுவதால், புள்ளி நிலையத்துக்கு நிலையம் தாவும். பயணிகள் இல்லாத பார்சல் பெட்டியில் ஏற்றிய சுமையோ, நடைமேடையில் வண்டி நிற்கும்போது மட்டுமே குரல் கேட்கப்பெறும். நம் குடும்பங்கள் இன்றும் விரும்பிப் பூட்டி அனுப்பும் இரும்பு டிரங்குப் பெட்டிக்குள் வில்லையை வைத்தாலோ, உலோகம் அலைகளைப் பெரிதும் தடுத்துவிடும். கைப்பிடியிலோ வெளியுறையிலோ கட்டுவது நலம். திருடன் கண்ணிலும் அதுதான் முதலில் படும் என்பது வேறு சங்கடம்.

மாட்டின் கழுத்தில் கட்டினால் காணாமற்போன மாட்டைக் காணலாம் என்ற எண்ணமும் உழவரிடையே எழக்கூடும். வனத்தையொட்டிய மேய்ச்சல் நிலத்தில் மேய்ப்பவரின் கைப்பேசியைத் தவிர வேறு கைப்பேசி ஏது? நீர் மிகுந்த உடல் இவ்வலைகளை உறிஞ்சும். மழைக்காலத்து ஈரத் தழையும் அவ்வாறே. அரசின் கால்நடை அடையாளத் திட்டத்தில் காதில் பொருத்தப்படும் 12 இலக்க வில்லையோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. அது எண்ணைப் படித்தறியும் அடையாளம்; இருப்பிடம் கூறாது. இருப்பிடம் இடையறாது தெரிய வேண்டுமெனில், செயற்கைக்கோள் வழி இடமறிந்து கைப்பேசிக் கோபுரம் வழி அனுப்பும் கருவிதான் தேவை. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது அவ்வகைக் கருவியே. ஆனால் அதற்குச் சிம் கட்டணம் உண்டு. அடிக்கடி மின்னேற்றமும் வேண்டும்.

எச்சரிக்கை எட்டாதோர்

பொருளைத் தேடும் வில்லையைப் பெண்ணொருத்தியின் கைப்பையில் ஒளித்து அவளை வேவு பார்க்கவும் இயலும். இக்கொடுமை பல நாடுகளில் வெளிப்பட்டதன்பின், ஆப்பிளும் கூகுளும் கூடிப் பொதுத் தரநிலை ஒன்றை வகுத்தன. அதன்படி 2024 மே முதல், அந்நிய வில்லை ஒன்று தொடர்ந்து உடன் வந்தால் இருவகைத் திறன்பேசிகளும் எச்சரிக்கின்றன. வில்லையை ஒலிக்கச் செய்து கண்டெடுத்து, மின்கலத்தைக் கழற்றிவிடலாம். பெண்ணைப் பின்தொடர்தல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றம். காவல்துறையிடம் ஒப்படைக்க வில்லையைப் பத்திரப்படுத்துவதும் அவசியம்.

இவ்வெச்சரிக்கை திறன்பேசி வைத்திருப்போர்க்கு மட்டுமே கிட்டும். பொத்தான் கைப்பேசியோடு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு, ஏர்டேக் உரிமையாளரைப் பிரிந்து 8 முதல் 24 மணி நேரத்திற்குப்பின், இடம்பெயரும்போது தானே எழுப்பும் மெல்லிய ஒலி ஒன்றே துணை. பேருந்து இரைச்சலில் அதுவும் காதில் விழாமற்போகலாம்.