பூச்சுக்கு முன்

பழைய மோட்டார் வண்டிக்குப் புதுநிறம் பூசுவது ஒருநாள் வேலை. அந்நிறத்தைத் தாங்குதற்கு வண்டியை ஆயத்தஞ் செய்வதோ ஒருமாத வேலை. வர்ணம் குறைகளை மறைத்துவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். பளபளக்கும் பூச்சு அவற்றை எடுத்துக் காட்டும் இயல்பினது. சின்னஞ்சிறு கீறலும் பள்ளமும் வெயில் பட்டவுடன் முன்வந்து நிற்கும்.

யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் நெடுங்காலம் உழைத்தவை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்திற் பெற்றோல் கிட்டாதபோது மண்ணெண்ணெயிலும் ஓடியவை. என் தகப்பனார் விட்டுச்சென்ற கறுப்பு மொறிஸ் மைனரும் அவற்றுள் ஒன்று. அதற்கு இளநீலம் பூசவேண்டுமென்று பேரப்பிள்ளைகள் விரும்பினர். வேலையை என் கையாலேயே செய்யத் துணிந்தேன்.

பழைய நிறத்தின் எச்சம்

கறுப்பின்மேற் கறுப்புப் பூசுவதாயின் வெளிப்புறத்தோடு வேலை முடிந்துவிடும். நிறத்தை மாற்றுவதாயின் அவ்வாறன்று. கதவைத் திறந்ததுந் தெரியும் விளிம்புகள், பொனற்றின் உட்புறம், டிக்கியின் ஓரங்கள் யாவும் புதுநிறம் பெறவேண்டும். பம்பர், விளக்கு, கைபிடி முதலியவற்றைக் கழற்றி, அவற்றின் திருகாணிகளைப் பெயரெழுதிய பேணிகளில் இட்டுவைத்தேன். மொறிஸ் மைனரின் மட்காட்டுகளும் திருகாணியாற் பூட்டப்பட்டவையே. கழற்றாது பூசினால் இடுக்கிலே பழைய நிறம் கோடாக நிற்கும்.

சவர்க்கார நீரால் அழுக்கையும், எண்ணெய் அகற்றும் திரவத்தால் பழைய மெழுகையும் நீக்கிய பின்னரே அரத்தாளைத் தொடவேண்டும். முந்தித் தேய்த்தால் மெழுகு கீறல்களுள் ஏறிவிடும். புதுவர்ணம் அங்கே ஒட்டாது குழிகுழியாக விலகும்.

கறளும் மனச்சாட்சியும்

கதவுகளுக்குக் கீழேயுள்ள படிச்சட்டத்தைத் திருப்புளியால் அழுத்திப் பார்த்தேன். கறுப்பு மினுக்கத்தின் கீழே இரும்பு இல்லை. யாரோ எக்காலத்திலோ கறளின்மேல் அப்பிய புட்டியே இருந்தது. இவ்வண்டிக்கு முழுநீள அடிச்சட்டம் தனியாக இல்லை. உடலே பாரந் தாங்குவது. உதவிக்கு வந்த தகரவேலைக்காரர், "மேலாலே பூசிவிடுங்கோ மாஸ்டர், ஆர் குனிஞ்சு பாக்கப் போகினம்?" என்றார். பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்குச் செல்லும் வண்டியல்லவா? கறளை வெட்டியெறிந்து புதுத்தகடு ஒட்டுவித்தேன். வர்ணத்துக்கென ஒதுக்கிய பணத்தினும் அதற்கே அதிகஞ் சென்றது.

பழைய வர்ணங்களில் ஈயம் இருத்தல் கூடும். ஆதலால் மூக்கை மூடிக்கொண்டு, நீர் விட்டுத் தேய்த்தலே தக்கது. தேய்த்த கழிவைச் சேர்த்தெடுத்து அகற்றவேண்டும். சுண்ணாம்புக்கல் நிலமாகிய யாழ்ப்பாணத்தில் மண்ணிற் கொட்டுவது கிணற்றைச் சேரும்.

வர்ணத்தின் இனமறிதல்

மறைவான ஓரிடத்தைத் தின்னர் தோய்த்த துணியால் துடைத்தால், நிறம் துணியில் இறங்குவது செலுலோஸ், சுருங்கியெழுவது எனாமல். எனாமலின்மேற் செலுலோஸ் பூசினால் அடிப்பூச்சே சுருண்டு கிளம்பும். அதனை முற்றாகச் சுரண்டியெடுத்தல் நன்று. கடினமாக்கி கலக்கும் இருபொருள் வர்ணங்களில் ஐசோசயனேற்று என்னும் நச்சுப்பொருள் உண்டு. அவற்றை உரிய சுவாசக்கவசம் உடைய தொழிலாளரிடம் விடுதலே அறிவு.

180ஆம் இலக்க அரத்தாளில் தொடங்கி 320, 600 என நுண்மையை நோக்கிச் செல்லவேண்டும். பிறைமர் காய்ந்தபின் அதன்மேற் கறுப்பு வர்ணத்தை மெல்லத் தூவி, கட்டையிற் சுற்றிய தாளால் தேய்த்தால், கறுப்பு அழியாத இடம் பள்ளம் என்று தெரியும். பிறைமர் நீரை உறிஞ்சுமாதலின், நன்கு உலருமுன் மேற்பூச்சிடலாகாது.

காலமும் அறியவேண்டும். மாரியின் ஈரத்திற் செலுலோஸ் வெளிறிப் பூக்கும். சோளகக் காற்றிலோ புழுதி படியும். மாசி, பங்குனியில் வெயில் ஏறியபின் பூசுதல் ஏற்றது. கண்ணாடிகளை மறைக்கப் பத்திரிகைத் தாள் ஆகாது. தின்னர் அதனூடே ஊறிச்செல்லும். படித்தபின் இந்த இதழையும் அதற்கு எடுக்கவேண்டாம்! பதிவுச் சான்றிதழிலே நிறமும் குறிக்கப்படுவதால், மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்தலும் கடமை.

இப்போது வண்டியைக் காண்போர் இளநீலத்தைப் புகழ்கின்றனர். படியின் கீழேயுள்ள புதுத்தகடு எவர் கண்ணிலும் படுவதில்லை. பிள்ளைகளின் பாரத்தைத் தாங்குவது அதுவே.